ஆறு துளைகள்

பேராக் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் இருக்கிறது பாகான் டத்தோ. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் பேராக் மாநிலத்தின் பன்னிரண்டாவது மாவட்டமாக அறிவிக்கப்பட்ட இவ்வட்டாரம் தென்னைக்குப் பெயர்போனது. ஒரு காலத்தில் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று சொந்த வீடுகளில் குடியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் குளியலறையில்தான் ஆறு துளைகள் போட வேண்டியிருந்தது.

எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் ஈரத் தரையில் கால் வழுக்கிச் சுவரில் சாய்ந்தார். அன்று பெரிய காயம் ஏதும் இல்லை. ஆனால், அடுத்த முறையும் சுவர் அருகில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கைப்பிடிக் கம்பி ஒன்றை வாங்கி வந்தார்கள். ஒரு முனைக்கு மூன்று திருகாணி, இரு முனைகளுக்கும் ஆறு. நான்காம் படிவம் படிக்கும் பேரன், அண்டை வீட்டில் துளைக்கருவியை இரவல் வாங்கி அன்று மாலையே வேலையை முடித்துவிடலாம் என்று எண்ணினான். பற்றவைப்புப் பட்டறையில் வேலை செய்யும் அவன் தாய்மாமன்தான் தடுத்தார்.

"படம் மாட்டுற ஆணி விழுந்தா படம்தான் உடையும். இது விழுந்தா பாட்டி விழுவாங்க. நாளைக்குக் காலையில என் பட்டறைக்கு வா, மருமகனே" என்றார்.

துளையிடுவது மிகப் பழைய தொழில். தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில், துளையிட்டு முடித்த கல்மணிகளும் துளையிடாமல் பாதியில் நின்ற மணிகளும் கிடைத்துள்ளன. தச்சர்கள் கையால் சுழற்றித் துளைபோட்ட கருவிக்குத் துரப்பணம் என்று பெயர். மின்சாரம் வந்த பிறகு, 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளான்ச் பிரெய்ன் ஆகிய இருவர் மின் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் சகோதரர்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியைச் செய்தனர். துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவத்திற்கு 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் காப்புரிமை பெற்றது. இன்று கடைகளில் தொங்கும் கருவிகள் எல்லாம் ஏறக்குறைய அதே வடிவம்தான். 1961-இல் மின்கலத்தால் இயங்கும் கருவியும் வந்துவிட்டது.

பட்டறையில் மாமா முதலில் எடுத்துக் காட்டியது கருவியை அன்று. 'பிட்' எனப்படும் துளைமுனைகள் இருந்த ஒரு பழைய பிஸ்கட் டின்னை. கருவி சுழற்றத்தான் செய்யும், வெட்டுவது முனை. மரத்திற்கான முனையின் நடுவில் ஊசிபோல் ஒரு கூர்மை இருக்கும். அது மரத்தில் முதலில் பதிந்து, முனை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இரும்புக்கான முனை அதிவேக எஃகால் ஆனது. சூடேறினாலும் எளிதில் மழுங்காது. கல், செங்கல், சிமெண்டு ஆகியவற்றிற்கான முனையின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பு கத்திபோல் கூராக இராது. காரணம், அது வெட்டுவதில்லை, இடித்து நொறுக்குகிறது. இந்த மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியத் தெரிந்தவன் பாதி வேலையைக் கற்றுக்கொண்டவன். சுவர் முனையால் இரும்பைத் துளைக்க முயல்பவருக்குப் புகையும் கிறீச்சிடும் ஓசையும்தான் மிஞ்சும்.

முதல் பாடம் மரத்தில் நடந்தது. பாகான் டத்தோவில் மரம் என்றால் தென்னைக்குத்தான் முதலிடம். தென்னந்தடி மற்ற மரங்களைப் போன்றதன்று. மெராந்திக்கு நடுவில் வைரம், வெளியே மென்மை. தென்னையில் இது தலைகீழ். வெளிப்புறம் இறுகிக் கறுத்திருக்கும், உட்புறம் சோறுபோல் மென்மையாக இருக்கும். ஒரே தடியில் வெளிப்பகுதியின் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோகிராமுக்கு மேலும், உட்பகுதியின் அடர்த்தி 400 கிலோகிராமுக்குக் கீழும் இருக்கும். ஆண்டு வளையங்களும் இல்லை. கறுத்த நார்க்கற்றைகள்தான் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அவற்றோடு மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் கலந்திருப்பதால் முனைகள் விரைவில் மழுங்கிவிடும்.

இதை அறியாமல் பேரன் தென்னந்தடியின் வெளிப்புறத்தில் முனையை வைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினான். முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு முனை நகர மறுத்தது. அதன் பிறகு மென்மையான உட்பகுதி வந்ததும், எதிர்ப்பே இல்லாமல் கருவி முழுவதும் உள்ளே பாய்ந்தது. அவனுடைய கைமுட்டி தடியில் மோதித் தோல் உரிந்தது. மாமா சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் உன் இடக்கை இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

தென்னந்தடியில் துளையிடும்போது கருவியைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்குத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை முனையைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்தால் நார்த்தூள் வெளியேறும். மறுபுறம் முனை வெளிவரும் இடத்தில் நார் பிய்ந்து நிற்காமலிருக்க, வேண்டாத பலகைத் துண்டு ஒன்றைப் பின்னால் வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடலாம். கித்தா மரத்துண்டின் ஓரத்தில் திருகாணி முடுக்குவதாக இருந்தால், முதலில் திருகாணியின் தண்டைவிடச் சற்றுச் சிறிய துளை போட வேண்டும். இல்லாவிட்டால் பலகை பிளந்துவிடும்.

தூள் வெளியேற வழி வேண்டும் என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால், நிலவில்கூட இது ஒருவரைப் பாடாய்ப் படுத்தியது. 1971-ஆம் ஆண்டு அப்போலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவின் உள்வெப்பத்தை அளப்பதற்காகத் தரையைத் துளைத்தார். ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆழம் போக வேண்டும் என்பது திட்டம். முதல் துளை 1.6 மீட்டர் அளவில் நின்றுவிட்டது. அவர் தம் பலம் முழுவதையும் கொடுத்தும் பயனில்லை. காரணம் மின்சாரமும் அன்று, நிலவின் பாறையும் அன்று. துளைத்தண்டு பல துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது. அந்த இணைப்புகளில் தூளை மேலே ஏற்றும் திருகுப் பள்ளங்கள் இல்லை. தூள் அங்கே திணிந்து தண்டை இறுக்கிவிட்டது. அடுத்த ஆண்டு அப்போலோ 16-இல் தண்டின் வடிவம் திருத்தப்பட்டது. துளை நன்றாகவே இறங்கியது. (அந்த முறை வேறொரு தொல்லை. ஒரு வீரரின் கால் தட்டி அளவுக்கருவியின் கம்பி அறுந்துபோனது.)

இரும்பில் துளையிடும்போது சில வேளைகளில் முனை வழவழப்பான பரப்பில் வழுக்கி ஓடும். சென்டர் பஞ்ச் என்னும் கூர்ந்த உளியைச் சுத்தியலால் ஒருமுறை தட்டிச் சிறு பள்ளம் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது வேகம். இங்கே பள்ளிக் கணிதம் பயன்படுகிறது. 6 மில்லிமீட்டர் முனை ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் தூரம் செல்கிறது. நிமிடத்திற்கு 1,000 சுற்று என்றால் 19 மீட்டர். 12 மில்லிமீட்டர் முனை அதே 1,000 சுற்றில் 38 மீட்டர் செல்கிறது. மெல்லிரும்பை அதிவேக எஃகு முனையால் வெட்டுவதற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 மீட்டர் பொருத்தமான வேகம். ஆகவே 6 மில்லிமீட்டர் முனைக்கு 1,400 சுற்றும், 12 மில்லிமீட்டர் முனைக்கு 700 சுற்றும் போதும். முனை பெரிதானால் வேகம் குறைய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பெரிய துளை, கடினமான வேலை, ஆகவே விசையை முழுவதும் அழுத்து என்பது அவர்கள் கணக்கு.

துருப்பிடிக்காத எஃகு இன்னும் பிடிவாதமானது. அழுத்தம் இல்லாமல் முனையை வெறுமனே உரசவிட்டால், உரசிய இடம் முன்பைவிடக் கடினமாகிவிடும். அதில் மெதுவான வேகம், உறுதியான அழுத்தம், சில துளி எண்ணெய் மூன்றும் வேண்டும். சுருள்சுருளாகச் சீவல் வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். பொடியும் புகையும் வந்தால் முனை மழுங்கிவிட்டது அல்லது வேகம் மிகுந்துவிட்டது. அந்தச் சீவலைக் கையால் துடைக்கவும் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. தூரிகை எதற்கு இருக்கிறது?

இரும்புத் தகட்டில் துளை முடியும் தறுவாயில்தான் ஆபத்து மிகுதி. முனை மறுபுறம் எட்டிப் பார்க்கும் நொடியில் தகட்டின் விளிம்பில் சிக்கிக்கொள்ளும். முனை நின்றுவிடும், ஆனால் மோட்டார் நிற்காது. தகடு கட்டப்படாமல் இருந்தால் விசிறியின் இறக்கைபோல் சுழன்று கையை அறுக்கும். கட்டப்பட்டிருந்தால் கருவி திரும்பி மணிக்கட்டை முறுக்கும். இதனால்தான் தகட்டை வைஸிலோ கிளாம்பிலோ இறுக்க வேண்டும், பெரிய கருவியில் பக்கப் பிடியையும் பிடிக்க வேண்டும், கடைசி நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

பேரன் துணிக் கையுறை அணிந்து வந்திருந்தான். மாமா கழற்றச் சொன்னார். பாதுகாப்புக்காக அணிந்ததைக் கழற்றச் சொல்வது அவனுக்கு விந்தையாக இருந்தது. கையுறையின் ஒரு நூல் சுழலும் முனையில் சிக்கினால், விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, விரித்துவிட்ட கூந்தல் எல்லாமே அப்படித்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். முனையை மாற்றும்போது மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். மின்கம்பியுள்ள கருவியானால் பிளக்கை உருவிவிட வேண்டும். சாவி போட்டு இறுக்கும் சக் ஆனால், சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்த்த பிறகே விசையைத் தொட வேண்டும். மறந்த சாவி தோட்டாபோல் பறக்கும்.

அன்று மதியம் பாட்டி ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்தனுப்பினார். அகப்பைக்குக் காம்பு செருக இரண்டு துளைகள் வேண்டுமாம். பட்டறையில் நடந்த வேலைகளுள் இதுதான் எளிதானது என்று பேரன் நினைத்தான். உண்மையில் கையைக் குத்திக்கொள்வதற்கு மிகவும் ஏற்றது இதுதான். கொட்டாங்கச்சி வளைந்தது, கடினமானது, உள்ளங்கையில் அடங்குவது. அடங்குவதால் எல்லாரும் அதைக் கையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். முனை ஓட்டைத் தாண்டினால் அடுத்து இருப்பது உள்ளங்கை. மாமா ஒரு மரத்துண்டைச் செதுக்கி உட்குழிவுக்குப் பொருந்துமாறு வைத்து, அதன் மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கட்டினார். துளை வரும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டினார். முதலில் 2 மில்லிமீட்டர் முனை, பிறகு 6 மில்லிமீட்டர். ஓடு விரியவில்லை.

மறுநாள் குளியலறை. முனை எதையும் தொடுவதற்கு முன் சுவரைப் பற்றிய விசாரணை நடந்தது. சுவருக்குள் என்ன இருக்கிறது? குளியலறையில் சுடுநீர்க் கருவிக்கு மின்கம்பி வருகிறது. குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. இரண்டும் பெரும்பாலும் விசையிலிருந்தும் குழாயிலிருந்தும் நேர் மேலேயோ, நேர் கீழேயோ, பக்கவாட்டிலோதான் செல்லும். அந்தக் கோடுகளில் துளையிடுவது சூதாட்டம். மாமா கம்பி கண்டறியும் சிறு கருவியைச் சுவர் முழுவதும் ஓட்டிப் பார்த்தார். அதையும் முழுமையாக நம்பாமல், மின்பெட்டியில் குளியலறைக்கான இணைப்பைத் துண்டித்தார். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு விசை அந்தப் பெட்டியில் இருந்தது. அதன் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். விசை உடனே விழுந்தது. அப்படியிருந்தும் ஈரமான அறைக்குள் 240 வோல்ட் கம்பியை இழுத்துவர அவர் விரும்பவில்லை. 18 வோல்ட் மின்கலக் கருவியையே எடுத்துவந்தார்.

பழைய வீடுகளில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னாளில் கூரைக்கும் உட்கூரைக்கும் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகள் பரவலாகப் பயன்பட்டன. கல்நாரின் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயை உண்டாக்கும். மலேசியாவில் கல்நார் வேலைகளுக்கென 1986-ஆம் ஆண்டிலேயே தனி விதிமுறைகள் இயற்றப்பட்டன. கல்நாராக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே அந்தத் தகட்டில் துளையிடக் கூடாது. பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். செங்கல், சிமெண்டுத் தூளிலும் சிலிக்கா உண்டு. எனவே சுவரைத் துளைக்கும்போது தூள் வடிகட்டும் முகக்கவசம் தேவை. வாயில் கைக்குட்டை கட்டுவது மனநிறைவுக்கு மட்டுமே உதவும்.

டைலில் துளையிடுவது பொறுமைக்கு வைக்கும் தேர்வு. ஆறு இடங்களிலும் ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் பென்சிலால் குறித்தார்கள். எந்தக் குறியும் டைலின் ஓரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டருக்குள் வராதபடி கைப்பிடியைச் சற்று நகர்த்தினார்கள்; ஓரத்தில் துளையிட்டால் டைல் விரியும். ஈட்டிபோல் கூர்ந்த டைல் முனையைப் பொருத்தி, சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு, மிக மெதுவாகச் சுழற்றினான் பேரன். பாட்டி நனைந்த பஞ்சால் அவ்வப்போது டைலைக் குளிர்வித்தார். ஒரு டைலைத் துளைக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆயிற்று. டைலைத் தாண்டிச் செங்கல் வந்ததும் சுவர் முனைக்கு மாற்றி, அப்போதுதான் சுத்தியல் இயக்கத்தைப் போட்டார்கள். இந்த இயக்கத்தில் முனை சுழல்வதோடு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் இடிக்கும். டைலில் இதைப் பயன்படுத்தியிருந்தால் முதல் நொடியிலேயே விரிசல் கண்டிருக்கும்.

எவ்வளவு ஆழம்? இதைக் கணக்கிடாமல் துளையிடுவோரே மிகுதி. டைலும் அதன் பின்னுள்ள சிமெண்டுப் பூச்சும் சேர்ந்து 25 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் பிளக்கின் நீளம் 40 மில்லிமீட்டர். பிளக் பூச்சில் நின்றால் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்துவிடும்; டைலுக்குள் விரிந்தால் டைலை உடைக்கும். அது முழுவதும் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். அதாவது, 65 மில்லிமீட்டர் ஆழம் வரை. கைப்பிடித் தகட்டின் தடிமன் போக, 75 மில்லிமீட்டர் திருகாணியில் 70 மில்லிமீட்டர் சுவருக்குள் போகும். அடியில் தங்கும் தூளுக்கும் இடம் விட்டு, துளையை 80 மில்லிமீட்டராக வைத்தார்கள். முனையில் 80-ஆவது மில்லிமீட்டரில் சிவப்பு நாடா ஒன்றைச் சுற்றிக்கொண்டார்கள். நாடா சுவரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். துளைக்குள் எஞ்சிய தூளைச் சிறு தூரிகையால் கிளறி, தூசி உறிஞ்சியால் இழுத்தார்கள். தூள் மிச்சமிருந்தால் பிளக் சுவரைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திருகாணிகள் ஆறும் துருப்பிடிக்காத எஃகு. குளியலறை ஈரத்தோடு கடற்காற்றின் உப்பும் சேரும் ஊரில் சாதாரண இரும்பை நம்ப முடியாது.

ஐந்து துளைகள் சரியாக அமைந்தன. ஆறாவதில் முனை திடீரென எளிதாக உள்ளே போயிற்று. வெளியே வந்த தூளும் செங்கல்லின் சிவப்பாக இல்லை, சாம்பல் நிறம். இரண்டு செங்கற்களுக்கு இடையிலுள்ள காரைச் சந்தில் துளை விழுந்திருந்தது. பிளக்கைச் செருகித் திருகாணியை முடுக்கினால், இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஐந்து நல்லா இருக்கே மாமா. இது ஒண்ணு போதாதா?" என்று கேட்டான் பேரன். கைகள் வலித்தன. வெளியே கால்பந்து விளையாட நண்பர்கள் காத்திருந்தனர்.

மாமா பதில் சொல்லாமல், சுழன்றுகொண்டிருந்த அந்தத் திருகாணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது பிளக்கோடு வெளியே வந்தது. அதை அவன் கையில் வைத்தார். பேரன் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே கைப்பேசியை எடுத்து, நாளை வருவதாக நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினான். துளையைத் தூய்மைப்படுத்தி, கடையிலிருந்து வாங்கிவந்த சுவர் பிசினை நிரப்பி, திருகுமரை வெட்டிய எஃகுத் தண்டை அதில் செருகினார்கள். புட்டியில் குறித்திருந்த நேரம் முழுவதும் இறுகவிட்டார்கள். கைப்பிடியின் மேல் 'தொடாதே' என்று எழுதிய தாள் ஒன்று இரவெல்லாம் தொங்கியது.

மறுநாள் மாலை அந்தத் தண்டிலும் முடுக்கி முடித்து, மாமா இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றித் தம் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கினார். அவர் எடை எண்பத்தைந்து கிலோ. கம்பி அசையவில்லை. பேரனும் தொங்கிப் பார்த்தான்.

பிறகு பாட்டி குளிக்கப் போனார். சுவரைப் பிடித்தபடியே உள்ளே நடந்தார். புதிய கைப்பிடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தம் துண்டை அதில் அழகாக மடித்துப் போட்டார்.

"துண்டு மாட்ட இன்னும் ரெண்டு துளை வேணும் போல" என்றார் மாமா. பேரன் பென்சிலைத் தேடினான்.